சக்கிமுக்கித் துப்பாக்கி எப்படிச் சுடுகிறது, ஏன் சுடாமல் போகிறது

விசையை அழுத்தினால் குண்டு பாயும் என்பதுதான் துப்பாக்கியைப் பற்றி நம்மில் பலருக்கும் இருக்கும் எண்ணம். சக்கிமுக்கித் துப்பாக்கியில் விஷயம் அவ்வளவு சுருக்கமாக முடிவதில்லை. விசைக்கும் குண்டுக்கும் நடுவே அடுப்பு மூட்டும் வேலை முழுவதும் நடந்தாக வேண்டும். கல் இரும்பைச் சுரண்டவேண்டும், பொறி விழவேண்டும், சிட்டிகை வெடிமருந்து பற்றவேண்டும், அந்தத் தீ ஒரு சிறு துளை வழியே உள்ளே புகவேண்டும். அதன் பிறகுதான் வெடி. இந்தத் துப்பாக்கி தரும் தொல்லைகளில் முக்கால்வாசி அடுப்புத் தொல்லைகள்தான்: மழுங்கிய கல், ஈரம், அடைத்த ஓட்டை. இதைப் பிடித்துக்கொண்டால் வாங்குவது, கெட்டிப்பது, கழுவுவது எல்லாவற்றுக்கும் காரணம் தானாகப் புரிந்துவிடும்.

குழலின் வாய்வழியே மருந்தும் குண்டும் போட்டுக் கெட்டிக்கும் துப்பாக்கிகள் பல வகை. திரி வைத்துச் சுடுவது மூத்தது. அடித்தால் வெடிக்கும் சிறு உலோகத் தொப்பியான கேப்பு வைத்துச் சுடுவது இளையது. இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கோலோச்சியது சக்கிமுக்கி. பிரான்சின் நார்மண்டிப் பகுதியில் லிசியே என்ற ஊரைச் சேர்ந்த மரேன் லெ பூர்ஜ்வா, 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதற்கு முழு வடிவம் கொடுத்தவராகச் சொல்லப்படுகிறார். பிரிட்டிஷ் படை 1722 முதல் பயன்படுத்தி, ‘பிரவுன் பெஸ்’ என்று செல்லமாக அழைத்த மஸ்கட், அதாவது குழலின் உள்பக்கம் வழவழப்பான நீளத் துப்பாக்கி, இந்த வகைதான். அதன் மலிவான, 39 அங்குலக் குழல் கொண்ட வடிவம் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகச் செய்யப்பட்டது. ‘இந்தியா பேட்டர்ன்’ என்று பெயர். புரட்சிக்காலப் பிரான்சோடு போர் மூண்டபோது பிரிட்டிஷ் படையே அதை வாங்கிக்கொண்டது. பாளையக்காரர்களுக்கு எதிராக நின்ற கம்பெனிச் சிப்பாய்களின் தோளில் கிடந்ததும் சக்கிமுக்கி மஸ்கட்டுதான்.

இன்று இதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் இடம் அமெரிக்கா. பென்சில்வேனியா மாநிலத்தில் கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு வரும் மான் வேட்டைப் பருவம் ஒன்று சக்கிமுக்கித் துப்பாக்கிக்காகவே ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதே மாநிலத்தின் லான்காஸ்டர் பகுதியில் 18ஆம் நூற்றாண்டில் பிறந்த, குழலின் உள்ளே சுருள் பள்ளம் வெட்டிய நீள ரைஃபிளைத்தான் இந்தக் கட்டுரை முழுக்க எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்ளப்போகிறோம்.

லாக்

துப்பாக்கியின் வலப்பக்கம், விசைக்குச் சற்று மேலே, ஏறக்குறைய ஐந்து அங்குல நீளத்தில் ஓர் இரும்புத் தகடு, குழலைத் தாங்கும் மரக்கட்டைக்குள் பதிந்திருக்கும். அதுவும் அதில் பொருத்திய உறுப்புகளும் சேர்ந்ததுதான் லாக். வெளியே தெரிபவை முக்கியமாக மூன்று.

முதலாவது குதிரை. கல்லைத் தன் தாடையில் கவ்விக்கொண்டிருக்கும் வளைந்த கை இது. ஆங்கிலேயர் இதைச் சேவல் என்றார்கள். நம்மவர்கள் குதிரை என்றார்கள். தலையைச் சிலுப்பிக்கொண்டு நிற்கும் தோரணை இரண்டுக்கும் பொருந்தும். இரண்டாவது ஃபிரிசன். ‘ட’ எழுத்தின் வடிவில் ஓர் எஃகுத் துண்டு. நிமிர்ந்து நிற்கும் கோட்டில்தான் கல் மோதும். படுத்திருக்கும் கோடு கிண்ணிக்கு மூடி. மோதும் இரும்பும் மூடியும் ஒரே துண்டாக இருப்பதுதான் இந்த வடிவமைப்பின் சாமர்த்தியம்: பொறி பிறக்கும் அதே அசைவில் மூடியும் திறந்துகொள்கிறது. மூன்றாவது கிண்ணி, கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு குழிவு. அதில் போடும் சிட்டிகை மருந்துதான் பற்றுமருந்து. கிண்ணியை ஒட்டிக் குழலின் பக்கச்சுவரில் இருக்கும் துளை பற்றுவாய்.

தகட்டின் உள்பக்கம் மடக்கிய பட்டை ஸ்பிரிங் ஒன்றும், குதிரையோடு சேர்ந்து சுழலும் டம்ளரும் இருக்கும். காபி டம்ளர் இல்லை. ஓரத்தில் இரண்டு வெட்டுகள் கொண்ட ஒரு வட்டத் துண்டு. சியர் என்ற சிறு நெம்புகோலின் மூக்கு அந்த வெட்டுகளில் போய் உட்காரும். முதல் வெட்டில் உட்கார்ந்தால் அரைக்குதிரை. அது ஆழமான வெட்டு; விசையை இழுத்தாலும் விடக்கூடாது. இரண்டாவது முழுக்குதிரை. இனி விசையைத் தொட்டால் பாயும்.

விசையை இழுக்கும்போது நடப்பது இதுதான். குதிரை முன்னே பாய்கிறது. கல்லின் கூர்முனை ஃபிரிசன் முகத்தின் மேல் மூன்றில் ஒரு பங்கில் மோதி, சுரண்டிக்கொண்டே கீழே இறங்குகிறது. சுரண்டலில் மிக மெல்லிய எஃகுச் சீவல்கள் பிய்கின்றன. உராய்ந்த சூட்டில் அவை காற்றுப் பட்டதும் எரிகின்றன. பொறி என்று நாம் பார்ப்பது அந்த எரியும் எஃகைத்தான். கல்லிலிருந்து நெருப்பு வருவதாகப் பலரும் நினைக்கிறார்கள். கல் இங்கே வெறும் உளி, எரிவது இரும்பு. மோதிய வேகத்தில் ஃபிரிசன் முன்பக்கமாகச் சாய்கிறது, பாதி வழியில் அதன் ஸ்பிரிங் அதைப் படக்கென்று தள்ளித் திறக்கிறது, பொறிகள் திறந்த கிண்ணியில் கொட்டுகின்றன.

கல்லை வைக்கும் முறை

புதிதாக வாங்கியவர்கள் ‘லாக் சரியில்லை’ என்று சொல்வதில் பெரும்பகுதி கல்லை வைத்த கோளாறு. இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் பிரான்டன் என்ற ஊரின் கறுப்புநிறச் சக்கிமுக்கிக் கல்லும், பிரான்சின் மேன் என்ற ஊர்ப்பக்கம் எடுத்த தேன்நிறக் கல்லும் பேர்பெற்றவை. பிரிட்டிஷ் படைக்குக் கல் கொத்திக் கொடுத்தே வளர்ந்த ஊர் பிரான்டன். இன்றும் கையால் கொத்திய கல்தான் சிறந்தது. ரம்பத்தால் அறுத்த அகேட் கல் மலிவாகக் கிடைக்கும். விளிம்பு தடிப்பாக இருப்பதால் சீக்கிரம் மழுங்கும், மழுங்கினால் திரும்பக் கொத்துவதும் கஷ்டம்.

கல்லின் அகலம் ஃபிரிசன் முகத்தின் அகலத்துக்கு ஏறக்குறைய ஒத்திருக்கவேண்டும். அகலம் மிஞ்சினால் குழலின் பக்கத்தில் இடித்துக் கீறல் போடும். கல்லை வெறும் இரும்புத் தாடையில் வைத்து முறுக்கக்கூடாது. பிடிக்காது, முறுக்க முறுக்க உடையும். மெல்லிய தோல் துண்டில் சுற்றி வைக்கவேண்டும். மஸ்கட்டின் பெரிய லாக்குக்கு ஈயத்தகடு சுற்றுவதும் உண்டு. ஆனால் ஈயம் கனம். சிறிய ரைஃபிள் லாக்கில் குதிரையின் தலைப்பாரம் கூடும், அதற்குத் தோலே போதும்.

குதிரையை அரைக்குதிரையில் நிறுத்தி ஃபிரிசனை மூடிப் பாருங்கள். கல்லின் விளிம்புக்கும் ஃபிரிசனுக்கும் இடையே இரண்டு மில்லிமீட்டர் போல இடைவெளி இருக்கவேண்டும். தொடவே கூடாது. மேலிருந்து பார்த்தால் கல்லின் விளிம்பும் ஃபிரிசன் முகமும் இணைகோடாகத் தெரியவேண்டும். ஒரு மூலை மட்டும் முந்தினால் அந்த மூலைதான் எல்லா அடியையும் வாங்கும்; சீக்கிரமே உடையும். கல்லின் சரிவான முகம் மேலே இருக்கவேண்டுமா, கீழே இருக்கவேண்டுமா என்று ஆளுக்கு ஒரு கட்சி. இரண்டையும் வைத்துப் பார்த்து, எதில் பொறி கிண்ணியின் நடுவில் விழுகிறதோ அதையே வைத்துக்கொள்வது நல்லது. இதற்கு விதியைவிட உங்கள் லாக்கின் குணம்தான் தீர்ப்புச் சொல்லும்.

அதைப் பார்க்க நல்ல வழி இருட்டறை. துப்பாக்கி காலியா என்று முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். எப்படி என்பதைக் கீழே சொல்லியிருக்கிறோம். மருந்து அந்த அறையிலேயே இருக்கக்கூடாது. கண்ணாடி அணிந்துகொண்டு, முழுக்குதிரை வைத்து விசையை இழுங்கள். வெண்மஞ்சள் நிறத்தில் பொறிகள் கிளம்பி, கிண்ணியில் விழுந்த பிறகும் கணநேரம் சீறிக்கொண்டு கிடந்தால் லாக் நன்றாக இருக்கிறது. சிவப்பாக இரண்டு மூன்று பொறிகள் கிளம்பி வழியிலேயே அணைந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். ஃபிரிசன் முகத்தில் ஆழமான பள்ளங்கள் விழுந்திருந்தால் எஃகு மென்மையாகிவிட்டது. அதைச் சூடேற்றி எண்ணெயில் தோய்த்துத் திரும்பக் கடினமாக்கவேண்டும். அது பழகிய கொல்லர் வேலை. சூடு தவறினால் ஃபிரிசன் விரிசல் விடும். முகம் கண்ணாடிபோல் வழவழப்பாக இருந்து பொறியும் இல்லை என்றால் பெரும்பாலும் கல் மழுங்கியிருக்கும்.

மழுங்கிய கல்லைத் தூக்கிப் போடவேண்டாம். பித்தளைக் கோலின் நுனியை விளிம்பின் அடிப்புறம் வைத்து லேசாகத் தட்டினாலோ அழுத்தினாலோ சிறு செதில்கள் தெறித்துப் புது விளிம்பு கிடைக்கும். இதையும் மருந்து இல்லாத துப்பாக்கியில்தான் செய்யவேண்டும். தெறிக்கும் செதில் கண்ணாடிச் சில்லைப்போல் கூர்மையானது, ஆகையால் கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். ஒரு நல்ல கல் 20 முதல் 50 வெடி தாங்கும். லாக்கைப் பொறுத்துக் கூடும், குறையும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. கல் இல்லாமல் வெறும் குதிரையைத் தட்டிவிட்டு விளையாடாதீர்கள். தடுக்க எதுவும் இல்லாததால் அடி முழுவதும் குதிரைக்கும் டம்ளருக்கும் போகும். விசைப் பழக்கம் வேண்டுமென்றால் கல்லின் அளவுக்கு ஒரு மரத்துண்டைச் செதுக்கித் தாடையில் வைத்துக்கொள்ளலாம்.

மருந்தும் பற்றுவாயும்

இந்தத் துப்பாக்கிக்கு உரியது கருமருந்து மட்டுமே: வெடியுப்பு, கரி, கந்தகம் சேர்ந்த பழைய வெடிமருந்து. இன்றைய தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா மருந்தைக் கொஞ்சம் கலந்தாலும் குழல் வெடித்துச் சிதறலாம்; இதில் விதிவிலக்கு கிடையாது. கருமருந்துக்குப் பதிலாக விற்கும் மாற்று மருந்துகளும் இங்கே சரிப்படாது. அவை பற்றிக்கொள்ள அதிகச் சூடு வேண்டும். கேப்பு அந்தச் சூட்டைக் கொடுத்துவிடும், கிண்ணித் தீ பல நேரம் கொடுக்காது.

கருமருந்தைக் குருணையின் பருமனைக் கொண்டு பிரிக்கிறார்கள். ரவையில் பருமன் ரவை, பொடி ரவை என்பதுபோல. 1எஃப் பருமன், பெரிய மஸ்கட்டுக்கு. 2எஃப், 3எஃப் ரைஃபிளுக்கு. 4எஃப் மிகப் பொடி, கிண்ணிக்கு மட்டும். பொடி ஆக ஆக வேகமாக எரிந்து அழுத்தம் ஏறும் என்பதால் 4எஃப் மருந்தைக் குழலுக்குள் போடக்கூடாது.

பற்றுவாய் பெரும்பாலும் 1.6 முதல் 2 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. சிறிதாக இருந்தால் தீ உள்ளே புகத் தயங்கும். பெரிதானால் வாயு பக்கவாட்டில் பீறிடும், குண்டின் வேகமும் சீராக இருக்காது. நல்ல துப்பாக்கிகளில் துளையின் உள்பக்கம் புனல்போல் விரிந்திருக்கும். அதனால் உள்மருந்து வெளித்தீக்கு மிக அருகில் வந்து நிற்கும். துளையின் இடமும் முக்கியம். கடல் விளிம்பில் பாதி மூழ்கிய சூரியன்போல், கிண்ணியின் மேல்விளிம்புக் கோட்டில் அது தெரியவேண்டும். அதற்குக் கீழே போனால் பற்றுமருந்து துளையை அடைத்துக்கொள்ளும். தீ பாய்ந்து போவதற்குப் பதிலாகத் திரிபோல் ஊர்ந்து போகும். கிண்ணியை நிரப்புவது புதியவர்களின் முதல் தவறு. மூன்றில் ஒரு பங்கு போதும். எடையில் மூன்று நான்கு கிரெயின், அதாவது கால் கிராம்.

கெட்டிப்பது

எடுத்துக்காட்டாக அரை அங்குல வாய் கொண்ட ரைஃபிளை எடுத்துக்கொள்வோம். அதற்கு 0.490 அங்குலத் தூய ஈயக் குண்டு. எடை ஏறத்தாழ 177 கிரெயின், அதாவது பதினொன்றரை கிராம். குண்டைச் சுற்ற 0.015 அங்குலத் தடிப்புள்ள நெருக்கமாக நெய்த பருத்தித் துணி. மருந்து 50 கிரெயினில் தொடங்கி 60, 70 என்று ஏற்றிப் பார்க்கலாம். உச்ச அளவு செய்தவரின் கையேட்டில் உள்ளதுதான். பாலியெஸ்டர் கலந்த துணி உருகிக் குழலில் ஒட்டும், வேண்டாம்.

குதிரை கீழே, ஃபிரிசன் திறந்து, கிண்ணி காலியாக இருக்கட்டும். கொம்புக் குப்பியிலிருந்து மருந்தை நேரே குழலில் கொட்டவே கூடாது. முந்தின வெடியின் கங்கு ஒன்று உள்ளே கிடந்தால் கையிலிருக்கும் குப்பி முழுவதும் வெடிக்கும். முதலில் அளவைக் குழாயில் ஊற்றி, குப்பியை மூடித் தள்ளி வைத்துவிட்டு, அளவையிலிருந்து குழலில் போடவேண்டும். எச்சில் அல்லது கொழுப்பு தடவிய துணியைக் குழல்வாயில் விரித்து, குண்டை நடுவில் வைத்து, மரக் குமிழால் ஒரு தட்டு. பிறகு இடிகோலைக் குழல்வாயிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பிடித்துத் தள்ளவேண்டும். திரும்பவும் ஒரு சாண். உச்சியைப் பிடித்து ஒரே மூச்சில் அழுத்தினால் மரக்கோல் வளைந்து முறியும். முறிந்த சிராய் உள்ளங்கையைத் துளைத்துக்கொண்டு போகும். முகத்தையும் உடலையும் குழல்வாய்க்கு நேரே கொண்டுபோகக் கூடாது.

குண்டு மருந்தின்மேல் உட்கார்ந்தே ஆகவேண்டும். இடைவெளி விட்டால் அழுத்தம் அந்த இடத்தில் குவிந்து குழலை உப்பவைக்கும், கிழிக்கவும் செய்யும். இதற்குத்தான் இடிகோலில் அடையாளக் கோடு: காலிக் குழலில் கோல் எதுவரை போகிறது என்று ஒன்று, சரியாகக் கெட்டித்தபின் எதுவரை என்று இன்னொன்று.

பற்றுமருந்து கடைசி. துப்பாக்கி இலக்கை நோக்கிய பிறகு, அரைக்குதிரையில், கிண்ணியில் சிட்டிகை போட்டு ஃபிரிசனை மூடவேண்டும். அந்தக்கால பிரிட்டிஷ் சிப்பாய் காகிதத் தோட்டாவைப் பல்லால் கடித்து, முதலில் கிண்ணிக்குப் போட்டுவிட்டுத்தான் மிச்சத்தைக் குழலில் கொட்டினான். நிமிடத்துக்கு மூன்று வெடி வைக்கவேண்டிய அவசரம் அவனுக்கு, நமக்கு இல்லை.

சுடும்போது பற்றுவாயிலிருந்து வலப்பக்கமாகத் தீயும் வாயுவும் பீய்ச்சும். ஆகவே வலப்பக்கம் யாரும் நிற்கக்கூடாது. விசைக்கும் வெடிக்கும் நடுவே ஒரு கண இடைவெளி இருப்பதால், விசையை இழுத்தவுடன் துப்பாக்கியைத் தாழ்த்துகிறவருக்குக் குறி தப்பும். முன்னால் பளிச்சென்று தீ தெரியும்போது கண்ணை இறுக்காமல், குறியைவிட்டு அசையாமல் நிற்பதுதான் இந்தத் துப்பாக்கியில் கற்க வேண்டிய பெரிய வித்தை. பறவைகளும் அந்தப் பளிச்சைப் பார்த்துப் பறந்துவிடுகின்றன என்ற எரிச்சலில்தான் ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத், அடித்தால் வெடிக்கும் ரசாயன மருந்துக்கு 1807இல் காப்புரிமை வாங்கினார். சக்கிமுக்கியின் முடிவு அங்கேதான் தொடங்கியது.

கிண்ணி மட்டும் எரிந்தால்

புஸ்ஸென்று கிண்ணி எரிந்து, குழல் பேசாமல் இருப்பது அடிக்கடி நேரும். துப்பாக்கியை இலக்கை நோக்கியபடியே ஒரு நிமிடமாவது அசையாமல் பிடித்திருங்கள். உள்ளே ஏதாவது ஊர்ந்து எரிந்துகொண்டிருந்தால் தாமதமாக வெடிக்கும். பிறகு மெல்லிய கம்பியால் பற்றுவாயைக் குத்திவிட்டு, கிண்ணியைத் துடைத்து, புதுப் பற்றுமருந்து போட்டுச் சுட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அதோடு தீரும். தீராவிட்டால் மருந்து போடாமலே குண்டை இறக்கியிருக்கலாம். பேச்சுக் கவனத்தில் எல்லோருக்கும் ஒருமுறை நடப்பதுதான். கோலின் அடையாளக் கோட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும். அப்போது பற்றுவாய் வழியே கொஞ்சம் 4எஃப் குருணைகளைத் தட்டித் தட்டி உள்ளே செலுத்தி, குண்டு ஆழத்தில் உட்கார்ந்திருப்பதைக் கோலால் திரும்பச் சரிபார்த்து, கோலை வெளியே எடுத்துவிட்டு, இலக்கை நோக்கிச் சுட்டு வெளியேற்றலாம்.

ஈரமான நாளில் கதை வேறு. எரிந்த கருமருந்தில் பாதிக்குமேல் வாயுவாகாமல் உப்புக் கசடாகத் தங்கும். அந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும்; சில நிமிடங்களில் கிண்ணியில் கரிய குழம்பு. ஒவ்வொரு வெடிக்குப் பின்னும் கிண்ணி, ஃபிரிசன் முகம், கல்லின் விளிம்பு மூன்றையும் உலர்ந்த துணியால் துடைத்தால் பாதித் தொல்லை ஒழியும். மழையில் வேட்டைக்குப் போனவர்கள் கொழுப்பு ஊறிய தோல் உறை ஒன்றை லாக்கின்மேல் கட்டிக்கொண்டு போனார்கள். இப்போதும் அதைவிட நல்ல வழி வரவில்லை.

பழையதை வாங்குமுன்

பழைய துப்பாக்கி எதுவானாலும் கெட்டித்த நிலையில் இருக்கிறது என்றே எண்ணிக்கொள்ளுங்கள். நூறு ஆண்டுக்கு முன் யாரோ கெட்டித்து மூலையில் சாத்திய மருந்து இன்றும் பற்றும். பார்க்கும் வழி எளிது. குழல்வாயை ஆள் இல்லாத பக்கம் திருப்பி, கோலை அடிவரை விட்டு, வாய் மட்டத்தில் விரலால் பிடித்து வெளியே எடுங்கள். அதே அளவைக் குழலின் வெளிப்பக்கம் வைத்துப் பாருங்கள். கோலின் நுனி பற்றுவாய்வரை எட்டினால் காலி. இரண்டு அங்குலம் முன்னாலேயே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது, பழகியவரிடம் கொண்டுபோங்கள்.

அடுத்தது அரைக்குதிரை. காலித் துப்பாக்கியில் அரைக்குதிரை வைத்து விசையை ஓரளவு பலமாக இழுத்தால் குதிரை அசையக்கூடாது. விழுந்தால் வெட்டு தேய்ந்திருக்கிறது. பழையதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் ஏராளமான சக்கிமுக்கிகளைக் கேப்புத் துப்பாக்கிகளாக மாற்றினார்கள். விலை கூடுமென்று பின்னாளில் அவற்றையே திரும்பச் சக்கிமுக்கியாக்கி விற்றவர்களும் உண்டு. லாக் தகட்டில் அடைத்த ஆணித்துளைகள், தகட்டோடு நிறம் சேராத கிண்ணி, குழல் பக்கத்தில் பற்றவைத்த தடம் தெரிந்தால் யோசிக்கவேண்டும். கம்பெனித் துப்பாக்கி என்று யாராவது விற்றால் லாக்கைப் பாருங்கள்: பழையவற்றில் இதய வடிவ முத்திரை, 1808க்குப் பின் செய்தவற்றில் முன்னங்கால் தூக்கிய சிங்கம்.

பென்சில்வேனிய ரைஃபிளை ரசிக்க வேறு கண் வேண்டும். ஜெர்மானியக் குடியேறிகள் கொண்டுவந்த குட்டையான, தடித்த வேட்டை ரைஃபிள்தான் அதன் மூதாதை. லான்காஸ்டரில் அதன் குழல் 42 அங்குலத்துக்கு மேல் நீண்டது, வாய் சிறுத்தது; ஈயமும் மருந்தும் மிச்சம். ஜேக்கப் டிக்கர்ட் போன்ற கைவினைஞர்கள் வரிவரியாக ரேகை ஓடும் மேப்பிள் கட்டையில் இதைச் செய்தார்கள். கட்டையின் வலப்பக்கம் பித்தளை மூடி போட்ட ஒரு சிறு பெட்டி இருக்கும். எண்ணெய்த் துணி வைக்க. அந்த மூடியின் வெட்டுவேலையைப் பார்த்தே எந்த வட்டாரத்துக் கை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

சட்டம் ஊருக்கு ஊர் வேறு. அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டம் 1898 வரை செய்தவற்றையும் சக்கிமுக்கி நகல்களையும் பழம்பொருளாக விலக்கிவைக்கிறது. மாநிலச் சட்டங்கள் வேறுபடும். பிரிட்டனில் சுடுவதற்கென்று வைத்திருந்தால் சான்றிதழ் வேண்டும், கருமருந்துக்குத் தனி அனுமதி. இந்தியாவில் சுடக்கூடிய நிலையிலுள்ள எதற்கும் 1959ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும். தாத்தா காலத்து மஸ்கட் பரணில் கிடைத்தால் முதலில் தொடவேண்டியது காவல்நிலையப் படிதான்.

கழுவுதல்

கருமருந்துக் கசடு உப்பு என்று சொன்னோம். உப்பைக் கரைப்பது தண்ணீர். துப்பாக்கிக்குத் தண்ணீரா என்று பதறி மண்ணெண்ணெயும் கனிம எண்ணெயும் போடுகிறவர்களுக்குக் கசடு கரையாது. இரண்டும் சேர்ந்து தார்போல் ஒட்டிக்கொள்ளும். சுட்ட அன்றே கழுவியாகவேண்டும். இரவு விட்டால் ஈரக்காற்று உள்ள ஊரில் காலையில் துரு.

காலியா என்று பார்த்துவிட்டு, குதிரையை அரைக்குதிரையில் வைத்து லாக்கின் ஆணிகளைப் பாதி கழற்றுங்கள். ஆணித்தலைகளை மரச்சுத்தியால் லேசாகத் தட்டினால் லாக் மறுபக்கம் கழன்று வரும். தகட்டின் விளிம்பில் திருப்புளி விட்டு நெம்பினால் கட்டை சிராய்த்துவிடும். எத்தனையோ நல்ல துப்பாக்கிகளில் அந்த வடு இருக்கிறது. பென்சில்வேனிய ரைஃபிளில் குழலைக் கட்டையோடு ஊசி ஆணிகள் பிணைத்திருக்கும். ஒவ்வொரு தடவையும் அவற்றை உருவவேண்டாம், துளை தளர்ந்துபோகும். குழலைக் கட்டையிலேயே வைத்துக் கழுவலாம்.

பற்றுவாயில் பல்குத்தும் குச்சியைச் செருகிக்கொள்ளுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரைக் குழலில் பாதிவரை ஊற்றி, வாயைக் கட்டைவிரலால் மூடி, நாலைந்து தடவை சாய்த்துச் சாய்த்துக் கொட்டுங்கள். முதலில் மை மாதிரி வரும், அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், அது கந்தகம். தெளியும்வரை தொடரவேண்டும். கொதிநீர் வேண்டாம், சூடான இரும்பில் தண்ணீர் ஆவியாகும் வேகத்தில் மெல்லிய துருப்படலம் படிந்துவிடும். பிறகு சோப்புத் தண்ணீரில் நனைத்த துணி, அடுத்து வெறும் தண்ணீர்த் துணி, அடுத்து உலர்ந்த துணிகள். கடைசித் துணி உலர்ந்து, வெள்ளையாக வெளியே வரவேண்டும். அடிப்புறத்து மூலையில்தான் கசடு கெட்டியாகும். அங்கே துணியை அழுத்தித் திருகி எடுங்கள்.

லாக்கைப் பழைய பல்துலக்கியால் தண்ணீரில் தேய்த்து, நன்றாக உலர்த்தி, டம்ளர் சுழலும் இடத்தில் ஒரு சொட்டு, சியர் மூக்கில் ஒரு சொட்டு, ஃபிரிசன் அதன் ஸ்பிரிங்கை உரசும் இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய். ஃபிரிசன் முகத்தில் எண்ணெய் இருக்கக்கூடாது. கட்டைக்கு வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை, உள்ளங்கையால் தேய்த்து மிக மெல்லியதாக ஆளிவிதை எண்ணெய். தேய்த்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். அது தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்து உலர்த்துங்கள்.

குழலுக்குள் எண்ணெய்த் துணி ஓட்டியபின் முதல் நாள் இரவு வாய் கீழே இருக்கும்படி நிறுத்துங்கள். இல்லாவிட்டால் மிஞ்சிய எண்ணெய் அடிப்புறம் இறங்கி, பற்றுவாய் வழியே கசிந்து, லாக்கைச் சுற்றியுள்ள மரத்தைக் கறுப்பாக்கி நைந்துபோக வைக்கும். மறுநாள் ஒரு வெள்ளைத் துணியை ஓட்டிப் பாருங்கள். மூன்றாம் நாள் இன்னொரு முறை. சாம்பல் நிறமாக வந்தால் கவலையில்லை. கறுப்பாக வந்தால் கசடு மிச்சம் இருக்கிறது. பழுப்பாக வந்தால் துரு தொடங்கிவிட்டது. திரும்பவும் தண்ணீரிலிருந்து ஆரம்பிக்கவேண்டும்.

அடுத்த முறை சுடப்போகும்போது இந்த எண்ணெயை முழுக்கத் துடைத்து எடுத்த பிறகே மருந்து போடவேண்டும். ஆல்கஹாலில் நனைத்த துணி ஒன்று, உலர்ந்த துணி இரண்டு, பற்றுவாய்க்குள் ஒரு கம்பி.